பெட்ரோல் பங்க் அருகே கிணற்றில் எண்ணெய் இறங்கினால்: நிலத்தடி நீரைக் கண்காணித்துச் சுத்தம் செய்ய முழுமையான வழிகாட்டி

செட்டிநாட்டுப் பக்கம் ஒரு பங்க் டேங்கில் கசிவு என்றதும் முதலில் நடப்பது, பக்கத்துக் கிணற்றில் மோட்டாரைப் போட்டு "எல்லாத்தையும் இறைச்சு வெளிய விட்டுடலாம்" என்று கிளம்புவது. எண்ணெய் இன்னும் பரவுவது பெரும்பாலும் அந்த இறைப்பால்தான். இந்த வேலையில் முயற்சியைவிட வரிசைக்குத்தான் மதிப்பு. எது முன்னால், எது பின்னால், ஏன் என்பதைக் காரைக்குடி, தேவகோட்டை சுற்றுவட்டாரத்தை மனதில் வைத்து எழுதுகிறேன். பங்க் நடத்துபவர்கள், இந்த வேலையில் புதிதாக இறங்கும் பொறியாளர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் மூவருக்கும் இது பயன்படும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

காகிதங்கள்: டேங்க், பைப்லைன் வரைபடம், டேங்க் புதைத்த ஆண்டு, கடைசியாகச் செய்த அழுத்தச் சோதனையின் அறிக்கை, குறைந்தது ஆறு மாத டிப் கணக்கு (டேங்கில் கம்பி இறக்கி அளந்த இருப்பு), டிஸ்பென்சர் (எண்ணெய் ஊற்றும் இயந்திரம்) விற்பனைக் கணக்கு. பழைய டேங்க் ஏதாவது எடுக்காமல் மண்ணுக்குள்ளேயே கிடக்கிறதா என்று மூத்த ஊழியர்களிடம் கேளுங்கள். வரைபடத்தில் இல்லாத டேங்க் மண்ணுக்கடியில் இருப்பது புதிதல்ல.

கருவிகள்: எரிவாயு அளவுமானி, எண்ணெய் மட்டத்தையும் நீர் மட்டத்தையும் தனித்தனியாகக் காட்டும் இடைமுக அளவி, மட்டம் பார்க்க டம்பி லெவல் அல்லது டியூப் லெவல், நைட்ரைல் கையுறை, ஐஸ் பாக்ஸ். இடைமுக அளவி இல்லாவிட்டால், பங்கில் டேங்க் பார்க்கப் பயன்படும் வாட்டர் பேஸ்ட்டையும் பெட்ரோல் பேஸ்ட்டையும் இரும்பு டேப்பில் தடவி இறக்கலாம். கொஞ்சம் மெதுவாகும், ஆனால் அளவு கிடைத்துவிடும்.

2. முதல் நாள்: தீயும் குடிநீரும்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கிணற்றுக்குள்ளும் கழிவுநீர்த் தொட்டியிலும் வீட்டின் தாழ்ந்த மூலைகளிலும் அது தேங்கும். காற்றில் சுமார் 1.4 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். அதனால் எரிவாயு அளவுமானியை முதலில் இறக்குங்கள். தீப்பிடிக்கும் அளவில் பத்தில் ஒரு பங்கைக் காட்டினாலே வேலையை நிறுத்திவிட்டு வெளியேற வேண்டும். கிணற்றுக்குள் யாரும் இறங்கக் கூடாது, "ஒரு நிமிஷம் எட்டிப் பாத்துட்டு வர்றேன்" என்றாலும் விடாதீர்கள். பக்கத்துக் கிணற்று மோட்டார்களின் மின் இணைப்பை, கிணற்றடி ஸ்விட்சில் அல்ல, தள்ளியிருக்கும் மெயினில் துண்டியுங்கள். ஸ்விட்சில் தெறிக்கும் ஒரு பொறி போதும்.

அடுத்தது குடிநீர். ஒரு ஆச்சி வீட்டுப் பின்கட்டுக் கிணற்றைப் பார்க்கப் போனபோது, "தம்பி, இப்ப வாடையே இல்ல, காய்ச்சித்தான் குடிக்கிறோம்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு ஆபத்து. பெட்ரோலில் உள்ள பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். மூக்குக்கும் நாக்குக்கும் தெரிய வேண்டுமானால் அதைப்போல் பல மடங்கு இருக்க வேண்டும். ஆகவே வாடை இல்லை என்பது ஆதாரம் ஆகாது. காய்ச்சும்போது பென்சீன் தண்ணீரிலிருந்து கிளம்பி அடுப்பங்கரைக் காற்றில் கலக்கிறது, அதை மூச்சில் இழுக்கிறோம். பென்சீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதிசெய்யப்பட்ட பொருள். லேப் முடிவு வரும்வரை குடிக்க, சமைக்க, குளிக்க லாரித் தண்ணீர் ஏற்பாடு செய்யுங்கள். செலவு பங்கினுடையது.

அன்றே எண்ணெய் நிறுவனத்துக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவுக்கும் உள்ளாட்சிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். வாயால் சொன்னதற்குப் பின்னால் சாட்சி இருக்காது.

3. கசிவை நிறுத்துங்கள்

ஊற்றிக்கொண்டே இருக்கும் பானையின் கீழே துடைத்துப் பயனில்லை. டிப் கணக்கையும் விற்பனையையும் நாள்வாரியாக ஒப்பிட்டு, எந்த டேங்கில், எந்தத் தேதியிலிருந்து குறைகிறது என்று பாருங்கள். டேங்குக்குள் அடியில் தண்ணீர் சேர்ந்திருந்தால் அதுவும் ஓட்டையின் அறிகுறி, ஏனென்றால் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் டேங்கைவிட உயரும்போது ஓட்டை வழியே உள்ளே வரும்.

புதியவர்கள் டேங்கை மட்டும் சோதித்துவிட்டு "டேங்க் நல்லா இருக்கு" என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். பைப்லைன் மூட்டுகள், டிஸ்பென்சரின் அடிப்பகுதி, லாரி இறக்கும் இடத்து நிரப்புக் குழாய் மூன்றையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். சந்தேகப்படும் டேங்கை உடனே காலி செய்யுங்கள். சோதனை முடியும்வரை அதை வைத்து வியாபாரம் வேண்டாம்.

4. சுற்றியுள்ள கிணறுகளின் கணக்கு

பங்கிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் உள்ள ஒவ்வொரு கிணறும் போரும் ஊருணியும் ஒரு பட்டியலில் வர வேண்டும். ஆழம், கேசிங் (போரின் மேல்பகுதியில் இறக்கும் காப்புக் குழாய்) எத்தனை அடி, எப்போது தோண்டியது, எதற்குப் பயன்படுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். பூட்டிய வீட்டுக் கிணற்றை விட்டுவிடுவது இங்கே பெரிய தவறு. பல வீடுகள் ஆண்டில் பத்து நாள், திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோதான் திறக்கும். இறைக்காமல் கிடக்கும் கிணற்றில்தான் எண்ணெய் அமைதியாகச் சேரும்.

ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள் இருப்பார்கள். வீடு பார்த்துக்கொள்பவரிடம் சாவி வாங்கி உள்ளே போனால் பிறகு சிக்கல். எல்லாப் பங்காளிகளுக்கும் ஒரே கடிதத்தை அனுப்பி, ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். இரண்டு வாரம் பிடிக்கும். அந்த இரண்டு வாரத்தை வேலைத் திட்டத்தில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.

5. தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது

நிலத்தடி நீர் ஓரிடத்தில் நிற்பதில்லை, மெதுவாக ஒரு பக்கமாக நகர்கிறது. எண்ணெயிலிருந்து கரைந்தது அதோடு போகும். திசை தெரியாமல் கண்காணிப்புக் குழாய் (நீர்மட்டம் அளக்கவும் சாம்பிள் எடுக்கவும் மண்ணில் இறக்கும் துளையிட்ட குழாய்) இறக்கினால் பணம் மண்ணோடு போகும். திசை அறியக் குறைந்தது மூன்று கிணறுகள் வேண்டும், ஒரே கோட்டில் இல்லாதவை.

பங்க் அலுவலகப் படியை 100 மீட்டர் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கிணற்று விளிம்பின் உயரத்தையும் மட்டம் பாருங்கள். ஒரு கணக்கு:

தெற்கே உள்ள முதல் கிணறு: விளிம்பு 100.40, தண்ணீர் 8.10 மீட்டர் கீழே. நீர்மட்டம் 92.30.
வடகிழக்கே இரண்டாவது: விளிம்பு 99.90, தண்ணீர் 7.95 கீழே. நீர்மட்டம் 91.95.
வடமேற்கே மூன்றாவது: விளிம்பு 100.90, தண்ணீர் 8.65 கீழே. நீர்மட்டம் 92.25.

இரண்டாவது கிணற்றில்தான் தண்ணீர் மேலே தெரிகிறது. ஆனால் உண்மையில் அங்கேதான் மட்டம் தாழ்வு. தண்ணீர் அந்தப் பக்கம், வடகிழக்காக நகர்கிறது. விளிம்பை மட்டம் பார்க்காமல் ஆழத்தை மட்டும் வைத்துத் திசை சொன்னவர்கள் நேர் எதிர்ப்பக்கம் குழாய் இறக்கியதைப் பார்த்திருக்கிறேன்.

எண்ணெய் மிதக்கும் கிணற்றில் இன்னொரு திருத்தம் வேண்டும். எண்ணெயின் எடை தண்ணீரை அழுத்திக் கீழே தள்ளியிருக்கும். பெட்ரோலின் எடை தண்ணீரில் முக்கால் பங்கு என்று கொள்ளுங்கள். எண்ணெய் 7.60 மீட்டரில் தொடங்கி, தண்ணீர் 8.00 மீட்டரில் தொடங்கினால், எண்ணெய்த் தடிமன் 0.40. அதில் முக்கால் பங்கு 0.30. உண்மையான நீர்மட்ட ஆழம் 7.70. இந்தத் திருத்தம் செய்யாவிட்டால், எண்ணெய்க் கிணறு பள்ளம்போலத் தோன்றி, தண்ணீரெல்லாம் அதை நோக்கி வருவதாக வரைபடம் பொய் சொல்லும்.

எல்லாக் கிணற்றையும் ஒரே நாளில், பக்கத்து மோட்டார்கள் ஓடாத நேரத்தில் அளக்க வேண்டும்.

6. கண்காணிப்புக் குழாய் இறக்குதல்

இருக்கிற போரே போதாதா என்று எல்லோரும் கேட்பார்கள். போதாது. போரில் மேலே பல அடிக்குக் கேசிங் இருக்கும், மிதக்கும் எண்ணெய் அதற்கு வெளியே நிற்கும், உள்ளே வராது. போர்த் தண்ணீர் நன்றாக இருப்பதை மேல்மட்ட நீர் நன்றாக இருப்பதற்குச் சான்றாக எடுக்க முடியாது.

குழாயின் துளையிட்ட பகுதி நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் நீண்டிருக்க வேண்டும். நம் பக்கம் நீர்மட்டம் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் உயர்ந்து, கோடை கடந்து மழைக்கு முன்னால் அடிமட்டத்துக்குப் போகும். இந்த இரண்டு எல்லைகளையும் துளைப்பகுதி மூட வேண்டும். ஆடியில் பார்த்த மட்டத்துக்கு மட்டும் துளை வைத்தால், தையில் அது முழுக்கத் தண்ணீருக்குள் மூழ்கி, எண்ணெய் மேலே குழாய்ச் சுவருக்கு வெளியே நிற்கும்.

செம்புறாங்கல் நிலத்தில் இன்னொரு விஷயம். அது குழாய்க்குழாயாகத் துளைகள் உள்ள கல். எண்ணெய் சீராகப் பரவாமல் அந்தத் துளைகள் வழியே ஓடும். பத்தடி தள்ளி இறக்கிய இரண்டு குழாய்களில் ஒன்றில் எண்ணெயும் மற்றதில் சுத்தமான நீரும் வரலாம். ஒரு குழாயில் இல்லை என்றதும் எல்லை கண்டுவிட்டதாக நினைக்காதீர்கள். தண்ணீர் வரும் மேல்பக்கம் ஒன்று, டேங்க் அருகே இரண்டு, தண்ணீர் போகும் கீழ்ப்பக்கம் குறைந்தது மூன்று என்று தொடங்குங்கள்.

பி.வி.சி. குழாயைத் திருகு இணைப்பில் மட்டுமே சேர்க்க வேண்டும். எங்கள் குழுவில் புதிதாக வந்த ஒருவர் அவசரத்தில் சாதாரணப் பசை தடவி ஒட்டிவிட்டார். லேப் அறிக்கையில் பசையில் இருக்கும் கரைப்பான்கள் வந்து நின்றன. இரண்டு குழாயையும் பிடுங்கிப் புதிதாக இறக்க வேண்டியதாயிற்று. குழாயைச் சுற்றிக் கழுவிய மணல், அதன் மேல் பென்டோனைட் களி, மேலே சிமெண்ட் என்று அடைப்பதையும் தவிர்க்காதீர்கள். அடைக்காத குழாய் மழைநீரையும் பங்க் தரையில் சிந்தியதையும் நேராகக் கீழே இறக்கும்.

கீழ்மட்ட நீரடுக்கைத் துளைக்கவே கூடாது. காரைக்குடிக்குக் குடிநீர் தரும் சம்பை ஊற்றும் நிலத்தடி நீர்தான். மேலடுக்கையும் கீழடுக்கையும் பிரிக்கும் களிமண்ணைத் துளைத்த ஒரு குழாய், பங்க் வளாகத்துப் பிரச்சினையை ஊர்ப் பிரச்சினையாக்கிவிடும். களிமண் தட்டியதும் நிறுத்துங்கள். தோண்டிய மண்ணும் தண்ணீரும் டிரம்மில், பெயர் எழுதி.

7. சாம்பிள் எடுத்தல்

இந்த வேலை முழுவதிலும் அதிகம் கெடுவது இந்தப் படியில்தான். மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்து, பைக் டேங்க் பையில் வைத்து எடுத்துவந்த சாம்பிளை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். பென்சீன் ஆவியாகும் பொருள். பாட்டிலில் காற்று இருந்தால் அதற்குள் போய்விடும், மூடியைத் திறந்ததும் பறந்துவிடும். லேப் "இல்லை" என்று எழுதும், எல்லோரும் நிம்மதியாவார்கள். நிம்மதிக்கு அடிப்படையே இல்லை.

முதலில் குழாயில் தேங்கிய பழைய நீரை வெளியேற்றுங்கள். நாலு அங்குலக் குழாயில் ஒரு மீட்டர் உயரத்துக்குச் சுமார் 8 லிட்டர். மூன்று மீட்டர் நீர் நின்றால் 24 லிட்டர், அதைப்போல் மூன்று மடங்கு 72 லிட்டர் எடுக்க வேண்டும். இதைவிட நல்ல வழி, நிமிடத்துக்கு அரை லிட்டருக்குள் மெதுவாக இறைப்பது. நீர்மட்டம் பத்து சென்டிமீட்டருக்கு மேல் இறங்காமல், மின்கடத்துத்திறன், கார அமிலத்தன்மை, கரைந்த ஆக்சிஜன் மூன்றும் நிலையாக நிற்கும்வரை இறைத்துவிட்டுப் பிடியுங்கள். வேகமாக இறைத்தால் நுரைத்து ஆவி போய்விடும். எண்ணெய் மிதக்கும் குழாயில் கரைந்த அளவுக்கான சாம்பிளே எடுக்க வேண்டாம். எண்ணெய்த் துளி ஒன்று சேர்ந்தாலும் முடிவு பொருளற்றது.

இதற்கென்றே 40 மில்லி கண்ணாடிக் குப்பிகள் உண்டு, டெஃப்லான் உட்பூச்சுள்ள மூடியோடு. லேபே ஹைட்ரோகுளோரிக் அமிலம் போட்டுக் கொடுக்கும். குப்பியைச் சாய்த்து, சுவரோடு நீர் வழியும்படி நிரப்பி, வாயில் நீர் குமிழ்போல உப்பி நிற்கும்போது மூடியைத் திருகுங்கள். தலைகீழாகக் கவிழ்த்து விரலால் தட்டிப் பாருங்கள். கடுகளவு குமிழ் மேலே ஓடினாலும் அந்தக் குப்பி வேண்டாம், வேறு எடுங்கள். சுண்ணாம்புத் தன்மையுள்ள நீர் அமிலத்தோடு நுரைக்கும். அப்போது அமிலம் இல்லாத குப்பியில் பிடித்து, ஏழு நாளுக்குள் சோதிக்கச் சொல்லுங்கள். அமிலம் போட்டதற்குப் பதினான்கு நாள் வரை அவகாசம். இரண்டும் ஐஸில், சுமார் 4 டிகிரியில் இருக்க வேண்டும்.

சுத்தமான கிணற்றிலிருந்து தொடங்கி மாசு அதிகமான கிணற்றில் முடியுங்கள். ஜெனரேட்டரும் பெட்ரோல் கேனும் சாம்பிளும் ஒரே வண்டியில் போகக் கூடாது. பங்குக்கு லாரி வந்து எண்ணெய் இறக்கும் நேரத்தில் அங்கே குப்பியைத் திறக்காதீர்கள். லேபிலிருந்தே நிரப்பி மூடிய வெற்று நீர்க் குப்பி ஒன்று போய்வரும் வழியெல்லாம் கூடவே வர வேண்டும். அதில் பெட்ரோல் தெரிந்தால், வந்தது கிணற்றிலிருந்து அல்ல, வண்டியிலிருந்து.

8. லேபிடம் எதைக் கேட்பது

"எண்ணெய், கிரீஸ்" சோதனை மட்டும் கேட்டால் பெட்ரோலின் லேசான பகுதி அதில் அகப்படாது. பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன், நாஃப்தலீன், எம்.டி.பி.இ. (பெட்ரோலில் சேர்க்கும் ஒரு ரசாயனம்), பெட்ரோல் வகை மற்றும் டீசல் வகை ஹைட்ரோகார்பன் ஆகியவற்றை, என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள லேபில், வாயு நிறப்பிரிகை (கேஸ் குரோமட்டோகிராஃபி) முறையில் கேளுங்கள். கண்டறியும் எல்லை லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கிறதா என்று முன்கூட்டியே உறுதிசெய்யுங்கள். எல்லையே 0.05 என்றால் "காணப்படவில்லை" என்ற வார்த்தைக்கு மதிப்பில்லை.

கூடவே நைட்ரேட், சல்ஃபேட், கரைந்த இரும்பு, மீத்தேன் கேளுங்கள். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் பெட்ரோலைத் தின்கின்றன. ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் ஆக்சிஜன் வேண்டும், ஆனால் நம் வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் கரைவது 8 மில்லிகிராம்போல. அது சீக்கிரம் தீர்ந்துவிடும். பிறகு செம்புறாங்கல்லில் உள்ள இரும்பை அவை பயன்படுத்தும். அதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: கண்ணாடித் தம்ளரில் பிடித்த தெளிந்த நீர், நிழலில் வைத்த சிறிது நேரத்தில் கலங்கி, துருநிறமாகி, அடியில் படியும். அந்த இடத்தில் நுண்ணுயிர் வேலை நடக்கிறது என்பதற்கு அது ஒரு குறி.

இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் உண்டு. நுண்ணுயிர்கள் எத்தனாலை முதலில் தின்று ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். பென்சீன் காத்திருக்கும், அதற்குள் இன்னும் தூரம் போகும். பழைய அனுபவத்தை வைத்து "இவ்வளவு தூரம்தான் போகும்" என்று எல்லை போடாதீர்கள்.

9. மிதக்கும் எண்ணெயை எடுத்தல்

எண்ணெயை மட்டும் எடுக்கும் ஸ்கிம்மர் அல்லது உறிஞ்சும் பஞ்சுறை போதும். பெரிய மோட்டார் வேண்டாம். மோட்டார் நீர்மட்டத்தைக் கீழே இழுக்கும், எண்ணெய் அதோடு இறங்கி இதுவரை சுத்தமாக இருந்த மண்ணில் அப்பிக்கொள்ளும். மோட்டாரை நிறுத்தியதும் நீர் மேலே வரும், அப்பிய எண்ணெய் வராது.

குழாயில் 40 சென்டிமீட்டர் எண்ணெய் நிற்பதால் மண்ணிலும் அவ்வளவு இருப்பதாகக் கணக்குப் போட்டு லிட்டர் சொல்லாதீர்கள். குழாய்க்குள் தெரிவது மண்ணில் உள்ளதைவிடப் பெரும்பாலும் தடிமனாக இருக்கும். எடுத்த அளவை நாள்வாரியாக எழுதுங்கள், நம்பக்கூடிய கணக்கு அதுதான்.

எடுத்த எண்ணெய், எண்ணெய்ச் சேறு, பஞ்சு எல்லாம் அபாயக் கழிவு, 2016-ஆம் ஆண்டு விதிகளுக்கு உட்பட்டவை. அனுமதி பெற்றவரிடம் மட்டும், ரசீதோடு.

10. மண்ணுக்கும் தண்ணீருக்கும் சிகிச்சை

டேங்கைச் சுற்றி நனைந்த மண்ணைத் தோண்டி எடுப்பது, எட்டும் ஆழம்வரை, எல்லாவற்றிலும் பலன் அதிகமானது. நிலத்தடியில் பெரும்பகுதி எண்ணெய் தண்ணீரில் இல்லை, மண்ணில்தான் இருக்கிறது.

மிச்சத்துக்கு ஆவி உறிஞ்சும் முறை: நீர்மட்டத்துக்கு மேலுள்ள மண்ணில் குழாய் வைத்து, வெடிக்காத வகை ப்ளோயரால் ஆவியை இழுத்து, கரி வடிகட்டி வழியே வெளியே விடுவது. பெட்ரோலுக்கு இது நன்றாக வேலை செய்யும். டீசல் எளிதில் ஆவியாகாது, அதற்கு மெதுவாகக் காற்றைச் செலுத்தி நுண்ணுயிரைத் தின்ன வைக்க வேண்டும். மாசி முதல் ஆவணி வரை, மட்டம் இறங்கி மண் காய்ந்திருக்கும்போது ஓட்டுங்கள். கார்த்திகையில் ஓட்டினால் ப்ளோயர் தண்ணீரைத்தான் இழுக்கும்.

நீருக்குள் காற்றடிக்கும் முறையை ஆவி உறிஞ்சாமல் தனியாகச் செய்யவே கூடாது. கிளப்பிய ஆவி செம்புறாங்கல் துளைகள் வழியே போய்ப் பக்கத்து வீட்டு அறைக்குள் ஏறும். மூடிக் கிடக்கும் வீட்டில் அது சேர்ந்துகொண்டே இருக்கும். எண்ணெய் கலக்காத வகை கம்ப்ரசர்தான் வேண்டும், சாதாரணக் கம்ப்ரசர் தன் எண்ணெயையும் உள்ளே தள்ளும்.

இறைத்துச் சுத்திகரிக்கும் முறையை, கரைந்த மாசு குடிநீர்க் கிணற்றை நோக்கிப் போகும்போது அதைத் தடுக்க மட்டும் பயன்படுத்துங்கள். எண்ணெய் பிரிப்பான், இரும்பு நீக்கும் தொட்டி, காற்றேற்றும் கோபுரம், கரி என்பது வரிசை. இரும்பு நீக்காமல் கோபுரத்துக்கு அனுப்பினால் சில வாரங்களில் துரு அடைத்துவிடும். கரி டிரம் இரண்டை அடுத்தடுத்து வையுங்கள். நடுவில் சாம்பிள் எடுத்து, முதல் டிரம்மைத் தாண்டி பென்சீன் வந்ததும் இரண்டாவதை முன்னே மாற்றிப் புதியதைப் பின்னே வையுங்கள். சுத்திகரித்த நீர் என்றாலும் ஊருணிக்குள் விடக் கூடாது, மழைநீர் வரத்துக்காலிலும் கூடாது. ஒரு நாள் கரி தவறினால் ஊர் முழுவதற்கும் போகும். எங்கே விடுவது என்பதற்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி எழுத்தில் வேண்டும்.

11. எப்போது நிறுத்துவது

ஒரு பங்கில் தை மாதம் எல்லாக் குழாயிலும் எண்ணெய் காணவில்லை. கரைந்த பென்சீனும் குறைந்திருந்தது. முடித்துவிடலாம் என்று உரிமையாளர் கேட்டார், அவருக்கும் செலவு தாங்கவில்லை. ஆடி வரை பொறுக்கச் சொன்னோம். ஆடியில் அதே குழாயில் 18 சென்டிமீட்டர் எண்ணெய் நின்றது. மழையில் நீர்மட்டம் ஏறியபோது எண்ணெய் மண் துளைகளில் நீருக்கடியில் சிக்கிக்கொண்டது. மட்டம் இறங்கியதும் விடுபட்டுக் குழாய்க்குள் வந்தது. பென்சீன் குறைந்ததும் மழைநீர் கலந்ததால்தான்.

அதனால் இயந்திரங்களை நிறுத்திய பிறகு குறைந்தது ஓர் ஆண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளக்க வேண்டும். மட்டம் அடியில் இருக்கும் சாம்பிள் அதில் கட்டாயம். நிறுத்தியதும் அளவு மெல்ல ஏறுவது வழக்கம், மண்ணில் மிச்சம் இருப்பதை அது காட்டுகிறது. ஏறினால் ஆவி உறிஞ்சலை மறுபடி ஓட்டுங்கள். வரைபடத்தில் ஒவ்வொரு புள்ளியோடும் நீர்மட்டத்தையும் சேர்த்து எழுதுங்கள். மட்டம் இல்லாத பென்சீன் எண்ணை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

அடிமட்டத்திலும் உச்சத்திலும் குடிநீர்க் கிணறுகளில் பென்சீன் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்குக் கீழே, மாசின் விளிம்பில் உள்ள எல்லைக் குழாய்களில் ஏற்றம் இல்லை, எண்ணெய் படலம்கூட இல்லை என்றால் வாரியத்திடம் முடிப்பு அறிக்கை கொடுக்கலாம். பிறகு கண்காணிப்புக் குழாய்களை அப்படியே விட்டுவிடாதீர்கள். அடியிலிருந்து மேல்நோக்கி பென்டோனைட் கலந்த சிமெண்ட் குழம்பால் அடைத்து, இடத்தை வரைபடத்தில் குறித்து, முடிப்பு அறிக்கையின் ஒரு பிரதியை ஒவ்வொரு கிணற்றுக்காரருக்கும், பங்காளிகள் பெயரிட்டுத் தனித்தனியாக அனுப்புங்கள்.